புதிதாக வருபவளை எதைக்கொண்டு நிறுப்பது?

சனி, ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் தம்பிமாரும் அவர்களது நண்பர்களும் கூடிவிடுவார்கள். இங்கிலாந்துக் கழகங்களின் உதைபந்தாட்டம் நடக்கும். ஆட்டத்தை விட, ஆட்டம் முடிந்த பின்னர் அவர்கள் பேசுவதைக் கேட்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஒரு கழகம் புதிதாக ஒரு முன்கள வீரரை ஒப்பந்தம் செய்துவிட்டால் போதும், வாரக்கணக்கில் அதே பேச்சுத்தான். வயது என்ன, போன பருவகாலத்தில் எத்தனை கோல், இடது காலாலும் அடிப்பாரா, முழங்காலில் பழைய காயம் ஏதும் உண்டா என்று, மாடு வாங்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல அலசுவார்கள்.

ஒரு கூட்டம் தன்னிடம் புதிதாக வந்த ஒருவரை எப்படி எடைபோடுகிறது என்பது சமூகவியலில் நாம் படித்த விடயம். அதை ஏட்டில் படித்ததை விட இந்த இரசிகர்களிடம் நான் தெளிவாகப் பார்த்திருக்கிறேன்.

இந்த அலசல் பெண் வீராங்கனைகளுக்கும் நடக்கிறது. அவர்களுள் ஒருவரைப் பற்றி எமது வாசக சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன். அவரது பெயர் நாடியா நடீம்.

2017 செப்டெம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிற்றி மகளிர் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2018 ஜனவரியில் வந்து சேர்வதாக ஏற்பாடு. அக்கழகம் அப்போது சாதாரண நிலையில் இருக்கவில்லை. 2016 இல் மகளிர் லீக் சம்பியன். 2017 இல் எஃப்.ஏ. கிண்ணமும் அதன் கையில். ஆனால் அந்த ஆண்டு கோடையில் அதன் முன்கள வீராங்கனை டோனி டகன் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். கோல் அடிக்கும் ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவர் வருகிறார் என்றால், இரசிகர்களுக்குக் கேள்விகள் எழுவது இயல்புதானே.

முதற் கேள்வி வயது. நாடியா 1988 ஜனவரி 2 இல் பிறந்தவர். மான்செஸ்டருக்கு வரும்போது அவருக்கு 30 வயது. வேகத்தை நம்பி ஆடும் முன்கள வீராங்கனைக்கு அது இறங்குமுகம் தொடங்கும் வயது என்பார்கள். இரண்டாவது, கோல் கணக்கு. அமெரிக்க லீக்கில் 2014 இல் ஸ்கை புளூ கழகத்துக்காக 6 ஆட்டங்களில் 7 கோல்கள். பின்னர் போர்ட்லண்ட் தோர்ன்ஸ் கழகத்தில் 2016, 2017 ஆகிய இரு பருவகாலங்களில் 19 கோல்கள். 2017 இல் அக்கழகம் அமெரிக்காவின் சம்பியனாகியது. மூன்றாவது, பெரிய ஆட்டங்களில் தாங்குவாரா என்பது. 2017 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மனியை டென்மார்க் 2-1 என்று வென்றபோது டென்மார்க்கின் முதற் கோல் இவருடையது. நெதர்லாந்துடனான இறுதியாட்டத்தில் 6 ஆவது நிமிடத்திலேயே பெனால்டி உதையைக் கோலாக்கினார். டென்மார்க் 4-2 என்று தோற்றாலும் அவருடைய கணக்கில் குறை சொல்ல முடியாது. பெனால்டி கோல்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று வாதிடும் இரசிகர்களும் உண்டு. அதுவும் நியாயமான கேள்விதான்.

பதிலை அவர் மைதானத்தில் சொன்னார். 2018 ஜனவரி 7 இல் ரெடிங் கழகத்துக்கு எதிரான தனது முதலாவது ஆட்டத்திலேயே கோல் அடித்தார். சிற்றி 5-2 என்று வென்றது. ஒரு வாரம் கழித்து லீக் கிண்ண அரையிறுதி. எதிரணி பலம் வாய்ந்த செல்சி. ஆட்டம் 1-0. அந்த ஒரு கோலும் நாடியாவினுடையது.

இதுவரை அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

நாடியா பிறந்தது ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில். தந்தை இராணுவத்தில் ஜெனரல். தலிபான்கள் அவரை 2000 ஆம் ஆண்டில் கொன்றார்கள். ஐந்து பெண்பிள்ளைகளுடன் தாய் தனித்தார். பெண்கள் வேலைக்குப் போகவும் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் தடை இருந்த காலம் அது. தாய் இருந்ததை விற்றுப் பிள்ளைகளுடன் பாகிஸ்தான் போய், அங்கிருந்து பொய்க் கடவுச்சீட்டில் இத்தாலிக்குப் போனார். பிறகு ஒரு லொறியில் ஒளிந்து பயணம். இலண்டன் என்று நினைத்து இறங்கிய இடம் டென்மார்க். அங்கே அகதி முகாமுக்கு அருகில் இருந்த மைதானத்தில் பெண்பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் கண்டுதான் நாடியா இந்த ஆட்டத்துக்குள் வந்தார்.

டென்மார்க் பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும் ஒரு தடை இருந்தது. 18 வயதுக்குப் பின் ஐந்து வருடம் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அப்போதைய விதி. டென்மார்க் சங்கம் அவருக்காக வாதாடி விதிவிலக்குப் பெற்றது. 2009 இல் அவர் தேசிய அணிக்கு ஆடினார்.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் பல தடவை எழுதியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் 'அகதி' என்ற சொல் முதலில் வரும், 'முன்கள வீராங்கனை' என்ற சொல் பின்னால் வரும். இரசிகரின் தராசு வேறு. அவர் முதலில் கேட்பது, இவளால் கோல் அடிக்க முடியுமா என்பதே. கேட்பதற்கு இரக்கமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பார்த்தால், அதில் ஒரு மரியாதை இருப்பதை நாம் காணலாம். அந்தக் கேள்வி அவரை இழப்பின் அடையாளமாகப் பார்க்கவில்லை. ஒரு வேலையைச் செய்ய வந்த, அந்த வேலை தெரிந்த ஒரு பெண்ணாகப் பார்க்கிறது.

எமது வேலையில் தினமும் கையில் எடுக்கும் படிவங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். பயனாளியின் பெயருக்கு அடுத்ததாக வருவது பெரும்பாலும் இழப்புத்தான். கணவர் இறந்தவரா, காணாமற் போனவரா, எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள், வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா. உதவி சரியானவர்களுக்குப் போய்ச் சேர இந்த விபரங்கள் தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். சிலவேளை அதுவும் இருக்காது. ஒரு கரையோரக் கிராமத்தில் நான் சந்தித்த அக்கா ஒருவர், கிழிந்த வலையைப் பொத்துவதில் அந்த ஊரிலேயே கைதேர்ந்தவர். கருவாட்டு வியாபாரத்தின் கணக்கு முழுவதையும் எழுதாமலே மனதில் வைத்திருப்பார். பல வருடங்களாக அவரிடம் வந்துபோன எந்தப் படிவத்திலும் அது பதியப்படவில்லை. அவர் எல்லாத் தாள்களிலும் 'கணவர் காணாமற் போனவர்' மட்டுமே.

அதற்காக இரசிகரின் தராசு குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. அது கோலை மட்டும் எண்ணும். முன்கள வீராங்கனை தன்னைக் காவல் காக்கும் எதிரணியினரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினால்தான், மறுபக்கம் திறந்து இன்னொருத்தி கோல் அடிப்பாள். அந்த ஓட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதேபோல், பின்னாலிருந்து பந்து வராவிட்டால் எவ்வளவு திறமைசாலியாலும் கோல் அடிக்க முடியாது. பந்து கொடுக்காமலே 'இவள் சரிவரமாட்டாள்' என்று சொல்லும் இரசிகர் எல்லா ஊரிலும் உண்டு.

எம்மிடமும் இது நடக்கிறது. ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் கொடுக்கிறோம். துணி எங்கே வாங்குவது, தைத்ததை யாருக்கு விற்பது, அவள் தைக்கும் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து இயந்திரம் மூலையில் தூசி பிடித்திருந்தால், 'பயனாளியிடம் முன்னேற்றம் இல்லை' என்று அறிக்கையில் எழுதுகிறோம். அவளுக்குப் பந்தே வரவில்லை என்பதை எழுதும் இடம் அந்த அறிக்கையில் இல்லை.

நாடியாவின் மான்செஸ்டர் வாழ்க்கையும் நீளவில்லை. அந்தப் பருவகாலத்தில் சிற்றி லீக்கில் இரண்டாம் இடம். லீக் கிண்ண இறுதியில் ஆர்சனலிடம் 1-0 தோல்வி. 2019 ஜனவரியில் அவர் பாரிஸ் சென் ஜேர்மன் கழகத்துக்கு மாறினார். அங்கே 2020-21 பருவகாலத்தில், தொடர்ந்து 14 தடவை சம்பியனாக இருந்த லியோன் கழகத்தை முந்தி, பாரிஸ் அணி முதற் தடவையாகப் பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஓரிடத்தில் ஒரு வருடம் எண்ணிய கோலை வைத்து அவரை முடிவுகட்டியிருந்தால் அது பிழையாகப் போயிருக்கும். இத்தனைக்கும் இடையில் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 2022 இல் வைத்தியராகத் தேறினார். அதை எந்த இரசிகர் எந்தக் கோல் கணக்கில் சேர்ப்பார்?

எல்லோரும் நாடியா ஆக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு சுமையை உங்கள் தலையில் ஏற்றுவதாகும். சாதித்த ஒருத்தியைக் காட்டி மற்றவர்களைக் குறை சொல்வதும் ஒரு பிழையான தராசே.

நான் சொல்ல வருவது இதுதான். நிறுக்கப்படுவதற்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எதைக்கொண்டு நிறுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அடுத்த முறை யாராவது படிவத்துடன் உங்கள் வாசலுக்கு வந்தால், அது நானாக இருந்தாலும் சரி, இழந்ததைச் சொல்லி முடித்த பின்னர் எழுந்து போகவிடாதீர்கள். எனக்கு இன்ன வேலை தெரியும், அதைச் செய்ய எனக்கு இன்னின்னது வேண்டும், எனக்கு இவ்வளவு காலம் தேவை என்று சொல்லுங்கள். படிவத்தில் இடமில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.