பழி பேட்டரி மேல்

காவாந்தண்டலம் விவசாயி ஒருவரின் பழைய மகிந்திரா கமாண்டர் ஜீப், காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். போன வருஷம் போட்ட பேட்டரி. அடுத்ததற்கும் விலை விசாரித்துவிட்டார். வாங்குவதற்கு முன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடலாம் என்று புறப்பட்டவரோடு நானும் போனேன்.

தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு மீட்டர். எலக்ட்ரீஷியன் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். "ராத்திரி நின்னாதான் இறங்குதா, ஓட்டினு வந்து நிறுத்தினாலும் எடுக்கலையா?"

"ஓட்டினு வந்தாலும் இழுக்க மாட்டேங்குதுண்ணே."

அந்தப் பதிலிலேயே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. நின்ற வண்டியில் மட்டும் இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது; ஓடிவந்தும் ஏறவில்லை என்றால் சார்ஜ் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

மீட்டர் 12.1 காட்டியது. பாதிதான் இருக்கிறது. ஆறு மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டார். நம் வெயிலுக்கு ஊற்றும் ஆசிட் முழு சார்ஜில் 1240, 1250 நிற்கும். இங்கே ஆறு அறையிலும் 1190-ஐ ஒட்டியே நின்றது. ஓர் அறை மட்டும் கீழே கிடந்திருந்தால் செல் போய்விட்டது என்று பேட்டரியைக் கழித்துவிடலாம். எல்லாம் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அதற்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம்.

தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். உதவிக்கு நின்ற பையன் சார்ஜ் வருகிறதா என்று பார்க்க பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டார். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் எகிறி டயோடு போய்விடும். ஊர்ப்புறங்களில் இந்தச் சோதனை இன்னும் நடக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தால் 14.2. பேட்டரியில் 13.0. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணவில்லை. மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தார்: 1.1. கால் வோல்ட் காட்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடம்.

அவர் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேசிஸுக்கும் கரண்ட் போய்வர ஒரு செம்புப் பின்னல் பட்டைதான் பாலம். போல்ட்டை ஒட்டிப் பச்சைக் களிம்பு பூத்து, பாதி இழை அறுந்து தொங்கியது. சார்ஜ் ஏறாததற்கும் செல்ஃப் இழுக்காததற்கும் அது ஒன்றே காரணம். செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அதுவும் இதே பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை பற்றிக்கொண்டால் கரண்ட் இல்லாமலே ஓடும் என்பதால், ஓட்டுகிறவருக்கும் குறை தெரிவதில்லை.

போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளக்க உரசி, புதுப் பட்டை முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்தார்: பேட்டரியில் 13.9. பட்டைக்கும் கூலிக்கும் அவர் கேட்டது சொற்பம். கேள்வி கேட்டுக் கண்டுபிடித்த அந்த வேலைக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பேட்டரியை மட்டும் அன்றே தர மறுத்துவிட்டார். அரைச் சார்ஜில் கிடந்த தகட்டில் சல்பேட் படிந்திருக்கும். டிஸ்டில் வாட்டர் ஊற்றி, சின்ன கரண்டில் ராத்திரி முழுக்க ஏற்றித் தருகிறேன், காலையில் 1240 வந்தால் அதுவே ஓடும் என்றார்.