ஸ்ரான்லி வீதியில் ஓர் எட்டு ஜீபீ

கடையின் கண்ணாடி மேசையில், எங்கள் சனசமூக நிலையத்துக் கொம்பியூட்டரின் பழைய ராமைக் கடதாசியிலிருந்து பிரித்து வைத்தேன். பெடியன் அதைத் தொடவேயில்லை. "மதர்போட் என்ன மொடல் அண்ணை?"

கைபேசியில் படம் இருந்தது: ஆசூஸ் எச்81எம்-கே. டிடிஆர்3 எடுக்கும், இரண்டே ஸ்லொட், மொத்தம் 16 ஜீபீக்கு மேல் ஏற்காது. இப்போது கிடப்பது 4 ஜீபீ.

"விண்டோஸ் 32 பிட்டோ, 64ஓ?"

சரியான கேள்வி. 32 பிட் என்றால் 4 ஜீபீக்கு மேல் போடுகிற காசு தண்டம். நல்லகாலம், எங்களது 64.

டிடிஆர்4 ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். நீளம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 240 தொடுமுனைக்குப் பதில் 288, நடுவெட்டும் வேறிடத்தில். அமத்தினாலும் இறங்காது என்பதால் அதில் ஏமாற வழியில்லை. வடிவாக இறங்கிவிட்டு வேலை செய்யாமல் நிற்பதுதான் ஆபத்து.

அப்படியொன்றும் மேசைக்கு வந்தது. கேள்விப்படாத பெயர், 8 ஜீபீ, கிங்ஸ்டனை விட நல்ல மலிவு. பெயருக்காக நான் எதையும் ஒதுக்குவதில்லை. உலகின் மெமறி சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூன்றும்தான். கிங்ஸ்டனும் சிப்பை வாங்கிப் பொருத்திச் சோதித்து விற்கிற கம்பனியே. ஆனால் ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்றிருந்தது.

"ஓம் அண்ணை, சொல்லத்தான் இருந்தனான்" என்றான். இருந்தானோ என்னவோ!

எங்களது இன்டெல் போட், அதில் இது வேலை செய்யாது. காரணம் எளிது. இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டொப் போட்டுகள் எட்டு அல்லது பதினாறு பிட் அகலச் சிப்புகளையே ஏற்கும். இந்த மலிவுச் சரக்கில் இருப்பவை நான்கு பிட் சிப்புகள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சிப்பைப் பார்க்கலாம். சாம்சுங்கின் டிடிஆர்3 என்றால், கே4பி4ஜி என்பதற்குப் பின் 08 வந்தால் எட்டு பிட், 04 வந்தால் நான்கு. எண்ணிக்கையை நம்பக்கூடாது, இரண்டு வகையிலும் பதினாறு சிப் இருக்கலாம்.

கிங்ஸ்டனையே எடுத்தேன். அது 1600 வேகம், 1.35 வோல்ட், பழையது 1333, 1.5 வோல்ட். கலந்து போட்டால் இரண்டும் 1333இல் ஓடும், 1.35காரன் 1.5ஐயும் தாங்குவான். 8உம் 4உம் சோடியில்லையே என்று யோசிக்கத் தேவையில்லை: முதல் 8 ஜீபீ இரட்டைப் பாதையில் போகும், மிச்சம் ஒற்றையில்.

பெடியன் பழையதன் பொன்முனைகளை அழிறப்பரால் தேய்த்து, இரண்டையும் கடையின் இன்டெல் போட்டில் செருகி மெம்டெஸ்ட்டை ஓடவிட்டான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை, இருந்து பார்த்தேன். ஒரு முழுச் சுற்று, பிழை எதுவுமில்லை.

பில்லில் மொடல் இலக்கத்தையும் சீரியல் இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். வெறுமனே '8 ஜீபீ ராம்' என்றிருந்தால், வரண்டிக்குக் கொண்டுபோகும் நாளில் "இது எங்கட சாமான் இல்லை" என்று சொல்ல இடமிருக்கும்.