கழியில் இறங்கும் இருளர்

எண்ணூர்க் கழியில் இடுப்பளவு தண்ணீரில் அந்த ஆயா குனிந்து நின்றார். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருந்தார். இரண்டு கைகளும் அடிச் சேற்றைத் துழாவின. சட்டென்று வலக்கை மேலே வந்தது. விரலிடுக்கில் துடிக்கும் இறால். பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிந்தார். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

நான் திண்டிவனத்துக்காரன். எங்கள் பக்கத்து இருளர்களைச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் பார்த்திருக்கிறேன். பட்டணத்தில் இருளர் என்றாலே பாம்புதான். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பெயர் வாங்கிவிட்டது. கழியை நம்பிப் பிழைக்கும் இருளரைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கரையேறியதும் பேச்சுக் கொடுத்தேன். பேரன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான். பழங்குடிச் சான்றிதழுக்கு மனு போட்டதில், விசாரிக்க வந்தவர் எடுத்ததுமே “பாம்பு பிடிப்பியா?” என்றாராம்.

“எறா புடிப்பேன்னு சொன்னேன் நைனா. அப்ப நீ மீன்காரிதானேன்னுட்டாரு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தன் தொகுதிகளை வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், இருளரின் மூக்கை அளந்து எழுதிவைத்தார். இப்போது பாம்பைக் கேட்கிறார்கள். தொழில் மாறினால் சனம் மாறிவிடுமா? அமெரிக்காவின் ஷையான் மக்கள் ஒரு காலத்தில் மின்னசோட்டா, டகோட்டா பக்கம் மண்வீடு கட்டி, மக்காச்சோளம் விளைவித்தவர்கள். பிறகு மேற்கே போய், குதிரையேறி, காட்டெருமை வேட்டையாடினார்கள். பயிர்த்தொழிலை விட்டதால் அவர்கள் வேறு சனமாகிவிட்டார்களா?

“நீங்க இருளர்னு எப்படிச் சொல்வீங்க ஆயா?”

“மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவோம்ல? எங்க சாமி கன்னியம்மா அங்க வருவா. என் கண்ணாலமே அந்த மணல்லதான் நடந்துச்சு. செஞ்சி, காஞ்சிபுரம்னு எங்கெங்கிருந்தோ வருவாங்க, அல்லாம் நம்ம சனம். எவன் பாம்பு புடிக்கிறான், எவன் எறா புடிக்கிறான்னு அங்க யாரு கேக்குறா?”

பறியைச் சாய்த்துக் காட்டினார். ஒரு கைப்பிடிதான் தேறும். அடிச்சேற்றில் மின்நிலையச் சாம்பல் படிந்துவிட்டதாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது இதுவும் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் கறுப்பு ஒட்டிக்கொண்டு எரிந்ததாம். மீனவர் பட்டியலில் பேர் இல்லாதவருக்கு யார் நிவாரணம் தருவார்? மனுவில் மீன்காரி, நிவாரணத்தில் மீன்காரி இல்லை.

அடுத்த விசாரணைக்கு ஆள் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“இந்தத் தபா ஊட்டாண்ட ஒக்கார வெக்க மாட்டேன்” என்றார் ஆயா. “இங்கதான் இட்டாரப் போறேன். எறங்கிப் பாக்கட்டும்.”