வெறும் ராடு

ஒலிம்பிக் ராடு மட்டுமே 20 கிலோ. ஆனாலும் பிளேட் மாட்டாத ராடைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் போட எங்கள் ஜிம் பையன்களுக்கு மனசு வராது. பக்கத்தில் ஒருவன் 80 கிலோவோடு முக்கிக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? டிரெட்மில்லில் பத்து நிமிஷம் ஓடுவார்கள், பனியன் நனையும், கையை நாலு சுற்று சுற்றிவிட்டு நேரே 60 கிலோவுக்குப் போவார்கள். கேட்டால், "வார்ம் அப் ஆச்சு மாஸ்டர்."

மாஸ்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். சூடு வேண்டியதுதான், சூடான தசை சட்டென்று சுருங்கும், மூட்டும் இலகுவாக அசையும். ஆனால் ஓடுகிறவன் எங்கே குந்துகிறான்? 100 கிலோ தூக்கப்போகிறவருக்கு அவர் போடும் கணக்கு இது: வெறும் ராடில் பத்து, 50 கிலோவில் ஐந்து, 70இல் மூன்று, 85இல் இரண்டு, 95இல் ஒன்று. எடை ஏற ஏற எண்ணிக்கை இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் பத்துப் பத்தாகப் போட்டால், நூறு வருவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

எனக்கு அந்த முதல் பத்துதான் முக்கியம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இடுப்பு, மூன்றாவது முறை இறங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பள்ளிக்கூட டிரில்லில் பழகியதுபோல ஒரே நிலையில் நிமிஷக்கணக்கில் தசையை இழுத்துப் பிடிப்பதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். முன்னால் செய்தால் பலம் சற்று நேரம் குறையத்தான் செய்யும்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்தோம். பளுதூக்கும் மேடையில் ஒருவருக்கு ஆறு வாய்ப்புகள்தான். மேடைக்குப் பின்னால் இருக்கும் வார்ம் அப் அறையை யாரும் காட்டுவதில்லை. நம் ஆளுக்கு முன்னால் இன்னும் எத்தனை வாய்ப்புகள் பாக்கி என்று பயிற்சியாளர் அங்கே எண்ணிக்கொண்டே இருப்பார். சீக்கிரம் முடித்தால் உடம்பு ஆறிவிடும், தாமதித்தால் பாதியில் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். எதிராளி எடையை மாற்றிக் கேட்டால் கணக்கே தலைகீழ்.

எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம்தான். அப்படிப்பட்ட காலைகளில் நான் கடைசி பைசெப்ஸ் செட்டுகளை விட்டுவிடுவேன். பையன்கள் அதை மட்டும் விடுவதே இல்லை.