அரைப்படி

எங்கள் தாத்தாவுக்குப் பாட்டி வைத்திருந்த பெயர் ‘அரைப்படி’. கும்பகோணம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர் அவர். சவாரி உள்ள நாளில் குதிரைக்கு வேளைக்கு ஒரு படி கொள்ளு. அடைமழையில் வண்டி நின்றுவிட்டால் அரைப்படிதான். ஐப்பசியில் ஒருமுறை மூன்று நாள் வண்டி கட்டவில்லை. காலித் தொட்டியைக் குதிரை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவித்து ஆறவைத்திருந்த கொள்ளில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். முதுகில் சாட்டைக் காம்பு விழுந்தது. “கெடுத்துப்புடாதடா!” என்றார். காசைத்தான் சொல்கிறார் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கிளறிவிட்டது ஒரு விருந்துச் சாப்பாடு. யாரோ மார்க்கோ போலோவை இழுத்தார்கள். பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குமாம், வருஷ முடிவில் நூறுகூடத் தேறாதாம். வைத்தியம் தெரியாது, தீனி போடத் தெரியாது, இறைச்சியையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்துப் போடுவார்களாம். “குதிரைக்குக் கறிச்சோறு போட்ட ஆட்கள் நாம!” என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைத்தேன். வீடு வந்த பிறகு எரிச்சல் அடங்கவில்லை. குதிரை உழைத்துச் சோறு தின்ற குடும்பம் எங்களுடையது.

ஆகவே தேடினேன். போலோ காலத்தை ஒட்டி எழுதிய பாரசீகர் வஸ்ஸாபும் இதே குறையைத்தான் பாடுகிறார். இங்கே பார்லியை வறுத்துப் போடுகிறார்களாம், தானியத்தில் நெய் சேர்க்கிறார்களாம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வேறு. இருவரும் வெளியூர்க்காரர்கள், பார்த்ததற்குச் சிரித்திருக்கிறார்கள். சரி, உள்ளூர் நூல் என்ன சொல்கிறது? அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதியில் குதிரைகளைக் கவனிக்கும் அதிகாரிக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல் தரக் குதிரைக்கு அதில் விதித்த தீனியில் இரண்டு துரோணம் தானியம் அல்லது அவித்த பயறு, உளுந்து வருகிறது. ஒரு பிரஸ்தம் நெய்யோ எண்ணெயோ, ஐந்து பலம் உப்பு. கூடவே ஐம்பது பலம் இறைச்சி!

எழுந்து நின்றுவிட்டேன். போலோ சிரித்தது அறியாமையைப் பார்த்தல்ல, ஏட்டில் எழுதிவைத்த பழக்கத்தைப் பார்த்து. இன்னொரு சுவையும் உண்டு. அர்த்தசாஸ்திரச் சுவடியை மைசூர் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். அந்த நூலகத்தின் நூலகர் சாமசாஸ்திரி அதை 1909இல் அச்சேற்றினார். (தழை தின்னும் பிராணிக்குக் கறி நல்லதா என்பது வேறு விஷயம். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பதிலடி மட்டும்.)

ஆனால் உளுந்தும் பயறும்தான் அந்தத் தீனியில் இருந்தன. என் கொள்ளு எங்கே? கொள்ளைத் துரத்திப் போனேன். வெள்ளைக்காரன் குதிரைத் தீனிக்குச் சொன்ன ‘கிராம்’ என்ற சொல், தானியத்துக்கான போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வடக்கே அது கடலை, சென்னை மாகாணத்தில் கொள்ளு. சொல்லின் பிறப்பைச் சொல்வது 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. அதைத் தொகுத்தவர்களில் ஒருவர், போலோவை ஆங்கிலத்தில் பெயர்த்த யூல். மற்றவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல். ஊர் வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மாதம் போனதுதான் மிச்சம். சொல்லுக்கு வழி தெரிந்ததே தவிர, மழை பெய்தால் பாதியாகக் குறையும் படியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் பேச்சில்லை.

புத்தகங்களை மூடிவிட்டுப் பழனிக்குப் போனேன். அடிவாரத்தில் அப்போதும் குதிரை வண்டிகள் இருந்தன. எழுபது தாண்டிய ஒருவரைப் பிடித்தேன். அவரிடம் எதையும் பிடுங்க முடியவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை படிங்க ஐயா?”

“படியெல்லாம் எதுக்குங்க தம்பி, கண்ணு பார்த்துப் போடறதுதான்.”

“எவ்வளவு நேரம் அவிப்பீங்க?”

“வேகற வரைக்கும்.”

மறுநாளும் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். மூன்றாம் நாள் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே கிடந்த லத்தியைக் கால் கட்டைவிரலால் உடைத்தார். “பாருங்க.” குனிந்தேன். “கொள்ளு முழுசாக் கெடக்குதா? இல்லை. கெடந்தா ரெண்டே காரியம்தான். ஒண்ணு சரியா வேகலை, இல்லாட்டிப் பல்லு தேஞ்சு கோணிக்கிடுச்சு. பல்லை ராவி விடோணும்.” பானையிலிருந்து ஒரு கொள்ளை எடுத்து என் விரலிடுக்கில் வைத்தார். நசுங்கியது, ஆனால் குழையவில்லை. முதலில் புல், பிறகு தண்ணீர், அதற்கப்புறம்தான் கொள்ளு என்றார். அவராகச் சொன்னது அவ்வளவுதான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கடைசியாகக் கேட்டேன்: “வண்டி கட்டாத நாளில்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நின்ன குதிரைக்கு நெறைய வச்சா மறுநா நடக்காதுங்க தம்பி.”

தாத்தாவின் ‘கெடுத்துப்புடாத’ அப்போதுதான் என் காதில் விழுந்தது.

தெரிந்த கால்நடை மருத்துவர் அம்மாவிடம் ஓடினேன். ‘திங்கட்கிழமை நோய்’ என்றே ஒன்று உண்டு என்றார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பாரவண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு. தானியத்தைக் குறைக்காமல் போட்டுவிட்டுத் திங்கள் காலை பூட்டினால், கொஞ்ச தூரத்திலேயே வியர்த்துக் கொட்டி நின்றுவிடும். பின்தொடைத் தசை கட்டையாக இறுகும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும், சில செத்தும் போகும். அதனால் ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்கி, உலர்புல்லைத் தாராளமாகப் போடுவது அங்கே லாயத்துச் சட்டமாக இருந்தது. குதித்தேன். தாத்தா கஞ்சனில்லை!

மருத்துவர் அம்மா விடவில்லை. அந்த நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு மரபணுக் கோளாறை 2008இல் கண்டுபிடித்துவிட்டார்கள், அது அதிகம் காணப்படுவது ஐரோப்பியப் பாரக் குதிரைகளில். நம் நாட்டு மட்டக்குதிரையில் தான் அதைப் பார்த்ததே இல்லை என்றார். “ஆனா உங்க தாத்தா செஞ்சது சரிதான். குதிரை வயிறு சின்னது. மாவுச்சத்து ஒரே வேளையில் கூடிப்போனா செரிக்காமப் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலி வரும், குளம்பு வெந்துபோகும். கொள்ளைக் குறைச்சார், சரி. புல்லைக் கூட்டினாரா?”

அங்கே மாட்டிக்கொண்டேன். கஞ்சன் இரண்டையும்தான் குறைப்பான். நான் நினைவில் வைத்திருந்தது காலித் தொட்டி மட்டும். பக்கத்தில் புல் கிடந்ததா?

தாத்தா வீட்டில் மிச்சமிருப்பவர் சின்ன அத்தை ஒருவர்தான். போன் போட்டேன்.

“புல்லா? அந்தக் கண்றாவிய ஏன் கேக்கற! மழையில நனைஞ்ச அருகம்புல்லு கட்டுக் கட்டா வரும். திண்ணை, கூடம் எல்லாம் பரப்பிக் காய வைப்பார். எங்களுக்குப் படுக்க எடமிருக்காது.”

“எத்தனை கட்டு அத்தை? வெயில் நாளைவிடக் கூடுதலா?”

“எண்ணிண்டா இருந்தேன்?” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. மழை நாள்ல சவாரி கிடையாது, அடுப்புல அரிசி கிடையாது. அன்னிக்கு ராத்திரி எங்களுக்குக் கொள்ளு ரசம். நீ அள்ளிப் போட்டியே ரெண்டு கை, அது எங்க பங்குடா.”