ஏ2 நெடுஞ்சாலையும் 250இல் விழும் பூட்டும்

ஜேர்மனியின் மேற்குப் பகுதியில் நீண்ட காலம் வாழும் எம்மவருக்கு ஏ2 என்ற ஒட்டோபானைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஓபர்ஹவுசனில் தொடங்கும் இந்தப் பெருந்தெரு பொட்ரொப், டோட்முண்ட், ஹம், பீலபெல்ட், ஹனோவர், மக்டபேர்க் என்று நகரங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 470 கிலோமீற்றர் ஓடி, பேர்லினைச் சுற்றியுள்ள வட்ட வீதியில் போய்ச் சேருகிறது. வலப்புறப் பாதையில் போலந்துக்கும் ஒல்லாந்துக்கும் போய்வரும் லொறிகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாகப் போகும். ஹம் உயென்ட்ரொப்பில் 2002ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தெருவால்தான் வந்து இறங்குவார்கள்.

இந்தத் தெருவுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. கிழக்கு ஜேர்மனி தனிநாடாக இருந்த காலத்தில் மரியன்போர்ன் என்னும் இடத்தில் இதன் குறுக்கே எல்லைச் சோதனைச் சாவடி இருந்தது. 1996 முதல் அது ஒரு நினைவிடமாக உள்ளது. பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்ட வேண்டிய இடம். அந்தக் காலத்தில் சாவடிக்குக் கிழக்கே ஒட்டோபானில் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாது. மேற்கே வேகத்துக்கு வரம்பே இல்லை. ஒரே தெரு, இரண்டு சட்டம்.

எமக்கு முந்தி வந்தவர்களுக்கு மூன்றாவது சட்டம் ஒன்றும் இருந்தது. அகதி விண்ணப்பம் விசாரணையில் உள்ளவர் அனுமதிக் கடிதம் இல்லாமல் தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு 2015இல்தான் பெருமளவு தளர்ந்தது. அடுத்த ஊரில் நடக்கும் கலியாண வீட்டுக்குப் போகவும் கடிதம் கேட்டுக் காத்திருந்தவர்கள் எம்மிடையே பலர். ஆகவே எமது இளைஞர்கள் முதற் சம்பளங்களைச் சேர்த்து ஒரு நல்ல காரை வாங்கி, ஏ2இல் ஏறி, விரும்பிய திசைக்குப் போவதை வெறும் பகட்டு என்று நாம் சொல்லமாட்டோம்.

வேக வரம்பில்லாத நாடு

1932 ஆகஸ்ட் 6ஆம் திகதி, அப்போது கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடனவர், கொலோனுக்கும் பொண் நகருக்கும் இடையிலான பெருந்தெருவைத் திறந்து வைத்தார். இன்று அது ஏ555. பின்னர் மேற்கு ஜேர்மனியின் முதற் பிரதமரானவரும் அவர்தான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஒட்டோபானில் 100 என்ற வரம்பைப் போட்டார்கள். நான்கு மாதங்களில், 1974 மார்ச்சில், அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் 130 என்ற ஆலோசனை வேகம். இது கட்டளையல்ல, பரிந்துரை. பலகை எதுவும் இல்லாத இடத்தில் 130க்கு மேல் ஓடினால் பொலிஸ் தண்டம் எழுதாது. ஒட்டோபான்களில் ஏறத்தாழ 70 வீதம் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

இப்படிப்பட்ட நாட்டில் கார்க் கொம்பனிகள் தாமே காருக்கு ஒரு பூட்டைப் போட்டன என்றால் நம்புவது கடினம். 1980களில் காடுகள் பட்டுப்போகின்றன என்ற பயம் இங்கு பெரிதாக எழுந்தது. வேக வரம்பு வேண்டும் என்ற குரலும் சேர்ந்து வந்தது. சட்டம் வந்துவிடுமுன், பெரிய கார்களை 250இல் நிறுத்திவிடுகிறோம் என்று பி.எம்.டபிள்யூ, மேர்செடஸ் போன்ற கொம்பனிகள் தமக்குள் இணங்கிக்கொண்டன. 1987இல் வந்த 12 சிலிண்டர் பி.எம்.டபிள்யூ 750 அந்தப் பூட்டோடு வந்த முதற் கார்களில் ஒன்று. போர்ஷ அதில் சேரவில்லை. ஆனால் மேர்செடஸ் 500 ஈ என்ற கார் 1990களின் முற்பகுதியில் போர்ஷவின் சூபன்ஹவுசன் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டும், மேர்செடஸ் பெயரில் வந்தபடியால் அதற்கு 250 பூட்டு இருந்தது.

ஊரில் ஓடிய யப்பான் வாகனங்களின் வேகமானியில் 180 வரைதான் எண் இருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். யப்பானியக் கொம்பனிகள் தமது நாட்டில் விற்கும் கார்களை 180இல் பூட்டுவது வழக்கம். அந்த எண்ணின் காரணம் அதுதான்.

ஒரு தம்பியின் கார்

எம்மோடு இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் பழைய எம்5 ஒன்றை வாங்கினார். 1998 முதல் 2003 வரை வந்த மொடல். 8 சிலிண்டர், 5 லீற்றர் எஞ்சின், 400 குதிரைவலு. கார் இருபது வயதைத் தாண்டிவிட்டது, எஞ்சின் இன்னும் சிங்கம் போல இருக்கிறது. வேகமானியில் 300 வரை எண் இருக்க, கார் மட்டும் 250இல் நின்றுவிடுகிறது. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

"அண்ணை, உந்தப் பூட்டைக் கழட்டினா இன்னும் போகும். அரை மணித்தியால வேலைதானாம்" என்றார்.

ரூர் பகுதியில் இதற்கென்றே கராஜ்கள் உண்டு. மேர்செடஸ் கார்களை மாற்றி உலகமெங்கும் விற்கும் பிராபுஸ் கொம்பனி 1977 முதல் பொட்ரொப்பில் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஜேர்மனியின் கடைசிக் கருங்கல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும் அதே ஊரில்தான். நாம் போனது அப்படிப் பெயர்பெற்ற இடத்துக்கல்ல. பழைய சுரங்கக் குடியிருப்பு ஒன்றின் பின்புறம், இரண்டு தூக்கிகள் மட்டும் உள்ள சிறிய கராஜ். அதன் மைஸ்டர் அறுபது வயதைத் தாண்டியவர்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டோம். இரும்பிலோ கம்பியிலோ செய்த பூட்டு அல்ல என்று விளக்கினார். சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற செய்தி எஞ்சினை நடத்தும் கணனிக்குப் போகிறது. 250 வந்ததும் கணனி காற்று வழியை மூடும், அல்லது எரிபொருளைக் குறைக்கும். நாம் காலால் எவ்வளவு மிதித்தாலும் அது கேட்காது. 1980களின் கார்களில் அந்தக் கணக்கு ஒரு சிறு சிப்பில் எழுதியிருக்கும். கணனிப் பெட்டியைத் திறந்து சிப்பைக் கழற்றி வேறொன்றைச் செருகுவார்கள். பின்னால் வந்த கார்களில் மடிக்கணனியை வயரால் தொடுத்து அந்த எண்ணை மாற்றி எழுதுகிறார்கள்.

"அப்ப சுகமான வேலைதான்" என்றார் தம்பி. மைஸ்டர் ஒன்றும் சொல்லாமல் காரைத் தூக்கியில் ஏற்றி ரயரைப் பார்க்கத் தொடங்கினார்.

பூட்டுக்கு வெளியே உள்ளவை

ரயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். எச் என்றால் 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, வை என்றால் 300. வை ரயரும் முழுப் பாரத்தைச் சுமப்பது 270 வரைதான். அதற்குமேல் அதன் தாங்குசக்தி குறைந்துகொண்டே போகும். இன்னொரு இடத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3612 என்றால் 2012ஆம் ஆண்டின் 36வது கிழமையில் செய்த ரயர். தம்பியின் காரில் இருந்தவை டபிள்யூ ரயர்கள். பூ நன்றாக இருந்தது, வயதோ பத்தைத் தாண்டியிருந்தது. இதில் 280 ஓடினால் பூட்டைக் கழற்றிய காசு சவப்பெட்டிக்குக் கொடுத்த முற்பணம் என்று மைஸ்டர் சொன்னபோது தம்பியின் முகம் மாறிவிட்டது.

பிறகு வாகனப் பத்திரத்தைக் கேட்டார். அதில் 'டி' என்ற கட்டத்தில் காரின் உச்ச வேகம் எழுதியிருக்கிறது. பூட்டைக் கழற்றினால் அந்த எண் பொய்யாகிவிடும். டூவ் போன்ற நிறுவனத்தின் நிபுணர் ரயர், பிறேக் எல்லாம் புதிய வேகத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து எழுதித்தர வேண்டும். அதைப் பத்திரத்திலும் பதிய வேண்டும். பதியாமல் ஓடினால் காரின் வீதி அனுமதியே இல்லாமற் போகலாம். விபத்து நடந்தால் காப்புறுதிக் கொம்பனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, காரின் ஆபத்தைக் கூட்டியதற்காக எம்மிடம் 5000 ஒய்ரோ வரை திருப்பிக் கேட்கலாம். எமது சொந்தக் காரின் சேதத்துக்கு ஒன்றும் தராமலும் விடலாம்.

130 வெறும் பரிந்துரைதானே என்று நினைப்பவர்கள் 1992 மார்ச் 17ஆம் திகதி கார்ள்ஸ்றூவவில் உள்ள உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் அறிய வேண்டும். பிழை முழுவதும் மற்றவருடையதாகத் தெரிந்தாலும், 130க்கு மேல் ஓடியவர் நட்டத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டிவரும். 130இல் ஓடியிருந்தாலும் இதே விபத்து இப்படியே நடந்திருக்கும் என்று அவரே நிரூபித்தால்தான் தப்பலாம். தண்டம் இல்லை என்பதும் பொறுப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல.

சாரதிப் பாடசாலையில் நாம் எல்லோரும் மனனம் செய்த கணக்கு ஒன்று உண்டு. வேகத்தைப் பத்தால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம். அவசரமாக அழுத்தினால் அதில் பாதி. கண் கண்டு கால் அசையும் முன் ஓடும் தூரம் பத்தில் ஒரு பங்கின் மூன்று மடங்கு. கராஜ் வாசலில் இருந்து அதைப் போட்டுப் பார்த்தோம். அவசர பிறேக்கில் 130க்கு ஏறத்தாழ 124 மீற்றர். 250க்கு 388. 280க்கு 476. லொறிகளுக்கும் வேகப் பூட்டு இருக்கிறது, அது சட்டப்படி 90இல். அப்படியொரு லொறி முன்னால் உள்ளதை முந்த வெளியே வந்தால், 280இல் வருகிறவர் ஒவ்வொரு செக்கனும் 50 மீற்றருக்கு மேல் அதை நெருங்குகிறார். லொறிச் சாரதி கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கார் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

இலாபக் கணக்கையும் பார்த்தோம். 100 கிலோமீற்றரை 250இல் ஓட 24 நிமிடம், 280இல் ஓட ஏறத்தாழ இருபத்தொன்றரை. இரண்டரை நிமிடம் மிச்சம். அதற்குக் காற்றைக் கிழிக்க மட்டும் எஞ்சின் ஏறத்தாழ 40 வீதம் கூடுதல் வலுவைக் கொடுக்க வேண்டும்.

417இல் போனவர்

"பேர்லின் பக்கம் 400க்கு மேல போன ஒருவரை ஒண்டும் செய்யேல்லையே" என்று தம்பி கேட்டார். உண்மைதான். 2021 கோடையில் செக் நாட்டுப் பணக்காரர் ஒருவர் 1500 குதிரைவலு கொண்ட புகாட்டிக் காரில், இதே ஏ2இல், பேர்லினுக்கும் ஹனோவருக்கும் இடையே 417 வேகத்தில் ஓடினார். 2022 ஜனவரியில் அதன் படம் வெளியானதும் நாடே அதைப் பற்றிக் கதைத்தது. ஸ்டெண்டால் அரச வழக்குத் தொடுநர் விசாரித்து, 2022 ஏப்ரலில் வழக்கைக் கைவிட்டார். அந்தக் காருக்கும் தொழிற்சாலைப் பூட்டு உண்டு. அது 420இல்.

ஆனால் அவர் விசாரிக்கப்பட்ட சட்டம் 2017 ஒக்ரோபரில் வந்தது. தனியே ஓடினாலும், உச்ச வேகத்தை எட்டுவதற்காக மற்றவரைப் பொருட்படுத்தாமல், வீதி விதியை மோசமாக மீறி, இடத்துக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடினால் அது ஓட்டப்பந்தயத்துக்குச் சமம். இரண்டு வருடம் வரை சிறை. காரையும் பறிக்கலாம். வழக்கு நிற்கிறதோ விழுகிறதோ, விசாரணைக் காலத்தில் சட்டத்தரணிக்குக் கொடுக்க அந்தப் பணக்காரரிடம் காசு இருந்தது. எமது தம்பிக்கு ஊரில் தாயும் படிக்கும் தங்கையும் இருக்கிறார்கள். காலை ஆறு மணி வேலைக்கு எமது தொழிற்சாலைப் பக்கம் பஸ் இல்லை. சாரதிப் பத்திரம் போனால் வேலையும் கூடப் போகும். இதை நாம் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

மைஸ்டர் மறுக்கவில்லை. வை ரயர் நான்கு போட்டு, பிறேக்கைப் புதுப்பித்து, நிபுணர் தாளோடு வந்தால் பூட்டைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். கார்க் கொம்பனிகளும் இன்று அப்படித்தான். பி.எம்.டபிள்யூ தனது புதிய எம் கார்களில் காசு வாங்கி உச்ச வேகத்தை உயர்த்திக் கொடுக்கும்போது, சாரதிப் பயிற்சியும் அதற்குள் அடக்கம். தம்பி ரயரையும் பிறேக்கையும் அன்றே மாற்றக் கொடுத்தார். பூட்டைப் பிறகு பார்ப்போம் என்றார். இன்றுவரை அது அப்படியே இருக்கிறது.

பழைய வேகக் கார் வாங்க நினைக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் காரின் நிறத்தையும் சத்தத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ரயரின் எழுத்தையும் நான்கு இலக்கத்தையும் வாகனப் பத்திரத்தின் 'டி' கட்டத்தையும் வாசித்துப் பாருங்கள். முன்னைய சொந்தக்காரர் பூட்டைக் கழற்றிவிட்டுப் பத்திரத்தில் பதியாமல் விற்றிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் இன்று ஓடுகிறவர்தான். ஆகவே வாங்குமுன் அதை விற்பவரிடம் கேட்டு, விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். ஒரு வரி போதும்.