பொருளும் வகுப்பும்

கணினிக்கு நிரல் எழுதப் பயிலும் மாணாக்கருடைய பயிற்சிகளைப் பார்வையிடும் பணி சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்துளது. வகுப்பு எழுதுமிடத்து அவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று நான்கே. கெட்டிக்காரரே அவற்றில் மிகுதியும் வீழ்கின்றனர் என்பது என் துணிபு. வகுப்பென்றவுடன், மணியடித்ததும் கலைவதனை நண்பர்கள் நினைத்தல் வேண்டா. 'கிளாஸ்' என்பதற்கு நாம் இட்டு வழங்கும் பெயர் இது. ஒரே இயல்புடைய பல பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சு எனக் கொள்க.

நார்வே நாட்டு அறிஞராகிய ஓலெ-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் 1960-களில் ஓஸ்லோ நகரில் இயற்றிய சிமுலா மொழியிலேயே இக்கருத்து உருப்பெற்றது. உலக நிகழ்ச்சிகளைக் கணினியினுள் நடத்திக் காண்பதே அவர்தம் நோக்கமாதலின், பொருளொன்று தனக்குரிய நிலையையும் தனக்குரிய செயலையும் ஒருங்கே உடையதாயிற்று. தொடங்குவோர் மறப்பது இதனையே. வங்கிக் கணக்கிற்கு ஒரு வகுப்பெழுதி, இருப்புத் தொகையை மறைத்துவைத்தோமென மகிழ்ந்து, அதனை எடுத்துப் பார்க்க ஒரு வழியும் மாற்றி வைக்க ஒரு வழியும் உடனே திறந்துவிடுவர். பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்டது போலாம் அது. பணம் இடுதல், இருப்பை நோக்கிப் பின் எடுத்தல் என்னும் செயல்கள் அன்றோ அங்கு வேண்டுவன!

விடுதியொன்றின் உணவுக் கணக்கிற்கு மாணவர் ஒருவர் பைதான் மொழியில் எழுதிய நிரலை நான் மறக்கவியலாது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இருத்தற்குரிய செலவுப் பட்டியலை அவர் வகுப்பின் உடலிலேயே வைத்துவிட்டார். அங்கு வைத்த பட்டியல் ஒன்றே. எல்லாப் பொருள்களும் அதனையே பகிர்ந்துகொள்ளும். ஒரு பெயரை இட்டுச் சோதித்தபொழுது கணக்குச் சரியாகவே வந்தது. விடுதியார் அதனை வழங்கத் தொடங்கியபின், பிழைச்செய்தி யாதும் எழாமலே, மாதம் முழுதும் ஊருக்குச் சென்றிருந்த ஏழை மாணாக்கன் தலையில் அனைவர் சாப்பாடும் விழுந்தது. பாக்கியுள்ளோர்க்குத் தேர்வு நுழைவுச்சீட்டு இல்லையென்பது அங்குள்ள விதி. தேர்வுக்கு முதல்நாள் மாலையில்தான் காரணம் புலனாயிற்று. பொருள் தோன்றும்பொழுது நிகழும் 'இனிட்' என்னும் செயலினுள், 'செல்ஃப்' என்பதனோடு சேர்த்துப் பட்டியலை அமைத்திருந்தால் அவரவர் கணக்கு அவரவர்க்கே நின்றிருக்கும். இரண்டு பெயரையேனும் இட்டுச் சோதித்திருந்தாலும் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் திணிப்பதும் உண்டு. அதனைப் பிரித்தெழுதச் சொன்னால் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்வர். மரபுரிமை அவ்வளவில் அடங்குவதன்று. நூலகத்தில் நூல்கள் உள்ளன; அதுகொண்டு நூலை நூலகத்தின் வழித்தோன்றலாக எழுதியோரைக் கண்டிருக்கிறேன். நூல் நூலகத்தின் ஒரு வகையன்று. 'டிசைன் பாட்டர்ன்ஸ்' என்னும் நூலை 1994-இல் வெளியிட்ட ஆசிரியர் நால்வரும், மரபுரிமையினும் ஒன்றனுள் ஒன்றை வைத்துக் கட்டுதலையே மேலாகக் கொள்ளச் சொன்னார்கள்.

இப்பிழையில் மாணாக்கர் தனித்து நிற்கவில்லை. ஜாவா மொழியில் 'ஸ்டாக்' என்னும் அடுக்கு, 'வெக்டர்' என்பதன் வழித்தோன்றலாக அமைந்துளது. மேலே வைத்ததையே முதலில் எடுத்தல் அடுக்கின் இலக்கணம். வெக்டரோ நடுவிலும் செருக இடந்தருவது. ஆகவே இவ்வடுக்கின் நடுவிலும் எவரும் செருகலாம். 'டெக்' என்பதனையே இதற்கு மாறாகக் கொள்ளுமாறு ஜாவாவின் ஆவணமே கூறுகிறது. எனினும் பழைய நிரல்கள் நம்பியிருத்தலின், ஸ்டாக் இன்னும் அங்கேயே இருந்துவருகிறது.